கூத்து மேடையில் தேடிக்கொண்டிருந்த லென்ஸ்

பென்னாகரம் பக்கத்தில் ஒரு ஊரில் பாரதக் கூத்து. ராத்திரி இரண்டு மணி இருக்கும். மேடைக்கு மேலே இரண்டு ஃபோகஸ் லைட், ஓரத்தில் ஒரு டியூப்லைட், அவ்வளவுதான் வெளிச்சம். திரைக்குப் பின்னால் குரல் கொடுத்துக்கொண்டிருந்த துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். என் பக்கத்தில் புது மிரர்லெஸ் கேமராவோடு உட்கார்ந்திருந்த தம்பி பட்டனை அழுத்தினான். லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, மறுபடி முன்னே போனது. துரியோதனன் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிய பிறகுதான் படம் விழுந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். கிரீடத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு ஷார்ப். கண் மங்கலாக இருந்தது.

"அண்ணா, ஃபோகஸ் உட்கார மாட்டேங்குது. மேனுவல்ல போட்டுடட்டுமா?"

போடு என்றேன். மேனுவல் என்றால் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பி ஃபோகஸ் வைப்பது, ஆட்டோ என்றால் அதைக் கேமராவே செய்வது. அதே தம்பி தை மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாவுக்குக் கிளம்பியபோது, மேனுவல் பக்கமே போகாதே என்றேன். அவன் குழம்பிப்போனான். கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி இந்த இரண்டு மாவட்டத்திலும் இருபது வருடத்துக்கு மேல் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் குழப்பத்தை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன். மேனுவல் தெரிந்தவன்தான் உண்மையான போட்டோகிராபர் என்று ஒரு கட்சி. இந்தக் காலத்தில் எதற்கு மேனுவல் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் லென்ஸுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை விட்டுவிட்டுப் பேசுகிறார்கள் என்பது என் எண்ணம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் வெயிலைக் காகிதத்தில் குவித்துப் புகைய வைத்திருப்பீர்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கி, வெளிச்சம் ஒரு புள்ளியாகச் சுருங்கும் உயரத்தில் நிறுத்துவோம். அதே கண்ணாடியை வைத்து, வீட்டுக்குள் எரியும் குண்டு பல்பின் உருவத்தைச் சுவரில் விழ வைத்துப் பாருங்கள். கண்ணாடியைச் சுவரிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். பொருள் கிட்டே வர வர, உருவம் லென்ஸுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி விழுகிறது. கேமராவில் படம் பதியும் சென்சார் ஒரே இடத்தில் நிற்கிறது. அதனால் லென்ஸை நகர்த்தி, நமக்கு வேண்டிய தூரத்தில் இருப்பதன் உருவம் சரியாகச் சென்சார் மேல் விழும்படி செய்கிறோம். ஃபோகஸ் என்பது இதுதான். ஒரு தூரத்தைத் தேர்ந்தெடுப்பது.

எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்று. கண்ணுக்கெட்டாத தொலைவுக்கு அது சென்சாரிலிருந்து 50 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். 10 மீட்டருக்கு 50.25 மி.மீ. 2 மீட்டருக்கு 51.28. 1 மீட்டருக்கு 52.63. அதாவது அடிவானத்திலிருந்து 10 மீட்டர் வரை இருக்கிற மலை, கோபுரம், தென்னந்தோப்பு எல்லாமே கால் மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. ஆனால் இரண்டு மீட்டரில் நிற்கிற ஆள் ஒரு மீட்டருக்கு வந்தால் அதைப்போல ஐந்து மடங்குக்கு மேல் லென்ஸ் நகர வேண்டும். தூரத்துக் காட்சியில் யாருக்கும் ஃபோகஸ் தவறாமல் இருப்பதும், கிட்டத்தில் முகம் எடுக்கும்போது எல்லாரும் தடுமாறுவதும் இதனால்தான்.

தேர்ந்தெடுத்த தூரத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் ஷார்ப்பாகத் தெரியும். அந்த 'கொஞ்சம்' எவ்வளவு என்பதுதான் எல்லாத் தகராறுக்கும் காரணம். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (சென்சார் பழைய ஃபிலிம் படத்தின் அளவு இருப்பது) 85 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் 1.8 (வெளிச்சம் வர லென்ஸ் திறக்கும் வாய், எண் சிறிதானால் வாய் பெரிது), மணப்பெண் 2 மீட்டரில் நிற்கிறாள். ஷார்ப்பாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 6 செ.மீ. மூக்குத்திக்கும் காதுத் தோட்டுக்கும் இடையில் அதைவிட அதிகத் தூரம் இருக்கிறது. மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்தால் தோடு போய்விடும், தோட்டில் வைத்தால் கண் போய்விடும். அதே இடத்தில் அபெர்ச்சரை 8க்குக் கொண்டுபோனால் ஆழம் 27 செ.மீ. அளவுக்கு வந்துவிடுகிறது. அப்போது மேனுவலா ஆட்டோவா என்ற கேள்விக்கே பெரிய வேலை இல்லை.

நான் வேலை கற்றுக்கொண்டது நிகான் எஃப்எம்10 என்ற ஃபிலிம் கேமராவில். 1995இல் வந்த மாடல். முழுக்க மேனுவல் ஃபோகஸ். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்த்தால் நடுவில் ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்த வட்டத்தைக் குறுக்கே ஒரு கோடு இரண்டாக வெட்டியிருக்கும். ஃபோகஸ் இல்லாதபோது மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்பாதி ஒரு பக்கமுமாக விலகி நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பாதியும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நொடியில் ஃபோகஸ் சரி. எனக்குக் கற்றுக்கொடுத்த ஸ்டுடியோ அண்ணன், "கண்ணைத் தேடாதே, நெற்றிச்சுட்டியைத் தேடு" என்பார். முதலில் எனக்குப் புரியவில்லை. அந்த வட்டம் வேலை செய்ய நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு வேண்டும். முகத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது. வகிட்டிலிருந்து நெற்றிக்கு இறங்கும் நெற்றிச்சுட்டியின் சங்கிலி அதற்காகவே செய்து வைத்த மாதிரி இருக்கும். சங்கிலி உடைந்து தெரிந்தால் ஃபோகஸ் இல்லை, ஒரே கோடாகத் தெரிந்தால் இருக்கிறது. மாப்பிள்ளைக்குச் சட்டைப் பட்டன் வரிசை. பந்தல்கால், வாழைமரம், விளக்குத்தண்டு எல்லாமே எங்களுக்கு ஃபோகஸ் பிடிக்கிற கோடுகள்தான்.

ஒரு ரோலில் 36 படம். கழுவிப் பிரிண்ட் போட்ட பிறகுதான் தவறு தெரியும். அதனால் வளையத்தைத் திருப்பும் விரலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிரே நிற்கிறவர் எத்தனை அடியில் இருக்கிறார் என்று கண் அளந்து சொல்லும், கேமராவைத் தூக்குவதற்குள் விரல் அந்தத் தூரத்துக்கு வளையத்தைக் கொண்டுபோய்விடும். வட்டத்தில் பார்ப்பது சரிபார்க்க மட்டும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வேலை செய்த எல்லாருக்கும் இது இருந்தது. பழைய லென்ஸில் மீட்டரும் அடியும் எண்களாக வளையத்தின் மேலேயே எழுதியிருக்கும். திருப்பினால் எங்கே நிற்கிறது என்று கைக்கே தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். "அந்தக் காலத்தில் எல்லாரும் மேனுவலில் எடுத்தார்களே" என்று சொல்லி, இன்றைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே ஒரு கண்ணாடி வைத்து லென்ஸ் வழியாகவே பார்க்க வைக்கும் டிஜிட்டல் கேமரா, மிரர்லெஸில் அந்தக் கண்ணாடி கிடையாது) வ்யூஃபைண்டரில் பார்த்தபடி மேனுவலில் எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தோற்றுத் திரும்புகிறார்கள். தவறு அவர்களுடையது இல்லை. ஆட்டோஃபோகஸ் வந்த பிறகு அந்த வெட்டுவட்டத்தை எடுத்துவிட்டார்கள். வ்யூஃபைண்டருக்குள் இருக்கும் திரையையும் வெளிச்சமாகத் தெரியும்படி மாற்றிவிட்டார்கள். அந்தத் திரை அபெர்ச்சர் 1.8இன் மெல்லிய ஆழத்தைக் காட்டாது, ஏறத்தாழ 2.8 போலத்தான் காட்டும். கண்ணுக்கு ஷார்ப்பாகத் தெரிகிறது, படத்தில் இல்லை. பழைய கேமராவில் பழகிய நானே டிஎஸ்எல்ஆருக்கு மாறிய முதல் வருடம் இதில் அடிபட்டேன்.

சரி, ஆட்டோஃபோகஸ் எங்கிருந்து வந்தது? கடையில் வாங்கும்படி பெரிய அளவில் வந்த முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா 1977இன் கோனிகா சி35 ஏஎஃப். அடுத்த வருடமே போலராய்டு, வௌவால் மாதிரி ஒலி அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் கேமராவைக் கொண்டுவந்தது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரை எடுக்கப் போனால் ஒலி கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடும். 1985இல் வந்த மினோல்டா 7000தான் ஃபோகஸ் மோட்டாரையும் கண்டுபிடிக்கும் சென்சாரையும் பாடிக்குள்ளேயே வைத்து, லென்ஸ் மாற்றும் கேமராக்களின் உலகத்தைப் புரட்டிப்போட்டது. அந்தத் தொழில்நுட்பத்தின் காப்புரிமைக்காக ஹனிவெல் நிறுவனம் வழக்குப் போட்டது. 1992இல் மினோல்டா 12.75 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டது. கேனன் 1987இல் பாடியில் லென்ஸை மாட்டும் தன் பழைய மவுண்டையே கைவிட்டு, ஒவ்வொரு லென்ஸுக்குள்ளும் மோட்டார் வைத்த ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. பழைய லென்ஸ்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அது பெரிய இடி. நிகான் 1959இலிருந்து வைத்திருந்த மவுண்டை விடவில்லை. அதனால்தான் என் எஃப்எம்10 லென்ஸை டிஜிட்டல் பாடியிலும் மாட்ட முடிந்தது.

டிஎஸ்எல்ஆர் ஃபோகஸ் பிடிக்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். அது அந்தப் பழைய வெட்டுவட்டமேதான். லென்ஸின் ஒரு ஓரம் வழியாக வரும் வெளிச்சத்தையும் எதிர் ஓரம் வழியாக வரும் வெளிச்சத்தையும் தனித்தனியாகப் பிரித்து, இரண்டு உருவமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துகிறதா, எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்ப்பது. நெற்றிச்சுட்டிச் சங்கிலி உடைந்து தெரிகிறதா என்று நான் பார்த்ததை ஒரு சிப் பார்க்கிறது. எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்பதை வைத்து லென்ஸ் முன்னே போக வேண்டுமா பின்னே போக வேண்டுமா என்று தெரிந்துவிடும், எவ்வளவு என்பதை வைத்து எத்தனை தூரம் என்றும் தெரிந்துவிடும். தேடிப் பார்க்கத் தேவையில்லை. ஒரே ஓட்டமாக ஓடிப் போய் நிற்கும். இதற்குப் பெயர் ஃபேஸ் டிடெக்ஷன்.

முறை ஒன்றுதான் என்பதால் பலவீனமும் ஒன்றாகவே இருக்கிறது. வெட்டுவட்டத்துக்குக் கோடு வேண்டும் என்றேனே, இதற்கும் வேண்டும். வெறும் சுண்ணாம்புச் சுவர், மடிப்பில்லாத வெள்ளை வேட்டி, மேகமில்லாத வானம் இவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லை. கோடு இருந்தாலும், சென்சார் எந்தத் திசைக் கோட்டைப் படிக்கும்படி செய்யப்பட்டிருக்கிறதோ அந்தத் திசையில் இருக்க வேண்டும். இரண்டு திசையும் படிக்கும் புள்ளிகளைக் கிராஸ் டைப் என்கிறார்கள். பல கேமராக்களில் நடுப்புள்ளிதான் அப்படி இருக்கும், ஓரப் புள்ளிகள் இருக்காது. குறுக்குக் கோடு போட்ட புடவையில் ஓரப் புள்ளி தடுமாறினால் கேமராவைக் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், உடனே பிடித்துக்கொள்ளும். கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை நீட்டினால் அபெர்ச்சர் 5.6க்குப் போய்விடும். அப்போது பழைய வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப் போகும். லென்ஸின் ஓரங்களில் இருந்து போதுமான வெளிச்சம் வராததுதான் காரணம். டிஎஸ்எல்ஆரின் பல ஃபோகஸ் புள்ளிகள் 5.6க்கு மேல் வேலை செய்யாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

டிஎஸ்எல்ஆரில் இன்னொரு சங்கடம். ஃபோகஸ் பார்க்கும் சிப் வேறு இடத்தில், படம் விழும் சென்சார் வேறு இடத்தில். இரண்டுக்கும் உள்ள தூரம் துளி மாறினாலும், ஃபோகஸ் சரி என்று பீப் அடித்துவிட்டு எல்லாப் படத்தையும் இரண்டு செ.மீ. முன்னாலோ பின்னாலோ எடுத்துத் தள்ளும். பாடி மெனுவில் லென்ஸுக்கு லென்ஸ் சரிசெய்யும் வசதி இதற்காகத்தான் வந்தது.

இன்னொரு முறை, கான்ட்ராஸ்ட் பார்ப்பது. ஃபோகஸ் கூடக் கூட ஓரங்கள் தெளியும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் ஏறும். எங்கே உச்சமோ அங்கே நிற்க வேண்டும். ஆனால் உச்சம் இதுதான் என்று எப்படித் தெரியும்? பனிமூட்டத்தில் தீர்த்தமலை ஏறுகிறவன், மேலே வந்துவிட்டோமா என்பதை ஒரு அடி இறங்கிப் பார்த்தால்தான் தெரிந்துகொள்வான். லென்ஸும் அப்படியே உச்சத்தைத் தாண்டிப் போய், இறங்குகிறது என்று தெரிந்ததும் திரும்பி வரும். ஃபோகஸ் தேடுகிறது என்று நாம் சொல்லும் அந்த முன்னும் பின்னுமான ஆட்டம் பெரும்பாலும் இதுதான். துல்லியம் நன்றாகவே இருக்கும், வேகம்தான் குறைவு. 2013இல் கேனன் 70டியில் வந்த டூயல் பிக்சல் முறை, சென்சாரின் ஒவ்வொரு பிக்சலையும் இரண்டாகப் பிரித்து, ஃபேஸ் டிடெக்ஷனைப் படம் விழும் இடத்துக்கே கொண்டுவந்துவிட்டது. இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் பெரும்பாலும் ஏதோ ஒரு விதத்தில் படம் விழும் சென்சாரிலேயே ஃபேஸ் டிடெக்ஷனைச் செய்கின்றன. முன்னால் பின்னால் தவறும் கோளாறு இதில் ஏறக்குறைய இல்லை.

இதற்கு மேல், முகத்தையும் கண்ணையும் அடையாளம் கண்டு அங்கே போய் நிற்கும் வசதி. கல்யாண வேலையில் இது செய்திருக்கும் உதவியைச் சொல்லி மாளாது. ரிசப்ஷன் மேடையில் பொண்ணு மாப்பிள்ளையை நோக்கி வரிசையாக வரும் உறவினர்களை 1.8இல் எடுத்து, நூற்றுக்குத் தொண்ணூறு படம் கண்ணில் ஷார்ப்பாக வருவதை ஃபிலிம் காலத்தில் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் கூத்து மேடையில் முகம் முழுக்க அரிதாரம், தலையை விடப் பெரிய கிரீடம், தோளில் புஜக்கட்டு, மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவத்தின் நிழல் கண்ணை மூடியிருக்கிறது. தம்பியின் கேமரா அதை முகம் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. முகம் இல்லையென்றால், கிட்டத்தில் எது பளிச்சென்று இருக்கிறதோ அங்கே போகும். கிரீடத்துக் கண்ணாடித் துண்டை விடப் பளிச்சென்று அங்கே வேறென்ன இருக்கிறது? கேமரா தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. எந்தத் தூரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மட்டும் அதற்குத் தெரியவில்லை.

நமக்குத் தெரியும். பாட்டுக்கு நிற்கும்போது வேஷக்காரர் பெரும்பாலும் மேடையின் முன் ஓரத்தில் ஒரே இடத்துக்கு வந்து நிற்பார். சுற்றி ஆடிவிட்டு மறுபடி அங்கேயே வருவார். அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு தடவை திரையில் பெரிதாக்கி, கண் இமையில் ஃபோகஸ் வைத்து, அபெர்ச்சரை 4க்குக் கொண்டுபோய் அப்படியே விட்டுவிட்டால் போதும். அவர் தள்ளிப் போகும்போது படம் எடுக்காமல் காத்திருக்க வேண்டும், திரும்பி வந்ததும் எடுக்க வேண்டும். அன்றைக்கு விடியும்வரை தம்பி அப்படித்தான் எடுத்தான். படுகளம் வரை ஷார்ப்பாக இருந்தது.

எருது விடும் விழாவில் கதை தலைகீழ். இருபுறமும் தடுப்புக் கட்டிய பாதையில் காளை ஓடிவருகிறது. நொடிக்கு 10 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வளையத்தைத் திருப்பிச் சரி என்று நினைத்துப் பட்டனை அழுத்தி ஷட்டர் திறப்பதற்குள் பத்தில் ஒரு நொடி போனாலும் காளை ஒரு மீட்டர் முன்னால் வந்துவிட்டது. 200 மி.மீ. லென்ஸில் அந்த ஒரு மீட்டர் போதும், படம் போச்சு. தொடர்ந்து பின்தொடரும் ஆட்டோஃபோகஸ் இப்போது எங்கே இருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. கடைசியாக அளந்த தூரங்களை வைத்து, ஷட்டர் திறக்கும் நேரத்தில் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. எந்த மனிதக் கையும் இதைத் தொடர்ந்து செய்ய முடியாது. நானும் முடியாது என்று மனமார ஒப்புக்கொள்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: கொம்பில் தட்டி கட்டிய காளை என்றால் ஃபோகஸ் அந்த வண்ணத் தட்டிக்குத் தாவும். புள்ளியைக் காளையின் நெற்றிக்குக் கீழே வைத்துத் தொடருங்கள்.

இப்போது என் வாழ்க்கையில் இன்னும் வலிக்கிற ஒரு படத்தைப் பற்றி. பாலக்கோடு பக்கம் ஒரு கல்யாணம். தொடர்ந்து பின்தொடரும் ஆட்டோஃபோகஸில் வைத்திருந்தேன். புள்ளி மாப்பிள்ளையின் விரலில், தாலிக்கயிற்றில். கெட்டிமேளம் கொட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மா அட்சதை போடக் கையை உயர்த்தினார். லென்ஸ் ஒரே தாவலில் அந்தக் கைக்குப் போய்விட்டது. முதல் முடிச்சில் எடுத்த ஆறு படத்திலும் வளையல் போட்ட ஒரு கை தெள்ளத் தெளிவாக இருக்கிறது. பின்னால் மங்கலாக ஒரு தாலி. அந்தப் பெண்ணின் அப்பா ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தப் பக்கத்தில் கொஞ்சம் நின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கம் திருப்பினார். திரும்ப எடுக்க முடியாத படம் அது.

அதற்குப் பிறகு தாலி கட்டும் நேரத்தில் ஃபோகஸை ஷட்டர் பட்டனிலிருந்து பிரித்துவிடுகிறேன். பாடியின் பின்பக்கம் கட்டைவிரலுக்கு எட்டும் ஒரு பட்டனுக்கு ஃபோகஸ் வேலையைக் கொடுத்துவிடலாம். அதன் பிறகு ஷட்டர் பட்டன் படம் மட்டும் எடுக்கும். கட்டைவிரலால் மாப்பிள்ளையின் கைக்கு ஒரு தடவை ஃபோகஸ் பிடித்து, விரலை எடுத்துவிடுவேன். அதன் பிறகு எத்தனை கை குறுக்கே வந்தாலும், ஹோமப் புகை எழுந்தாலும், லென்ஸ் நகராது. கண்டுபிடித்தது மெஷின், பிடித்து வைத்தது நான். என் வேலையில் முக்கால்வாசி இப்படித்தான் நடக்கிறது. மேனுவல், ஆட்டோ என்று இரண்டாகப் பிரித்துப் பேசும்போது இந்த நடுவழி யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒகேனக்கல்லிலும் இதுதான் வழி. தண்ணீர் நிறைய விழும் நாளில் பரிசலில் இருந்து எடுத்தால் சாரல் ஒரு வெள்ளைத் திரைபோல நிற்கும். ஒப்பிடக் கோடு இல்லாமல் லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். அதே தூரத்தில் இருக்கிற ஒரு கரும்பாறையின் விளிம்பைப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் முதலில் ஜூம், அப்புறம் ஃபோகஸ். பல ஜூம்களில் ஜூமைத் திருப்பினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காட்டுச் சாலையில் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் யானை நிற்கும்போது ஆட்டோ முன்னால் இருக்கும் குச்சியையே பிடிக்கும். வண்டிக்குள் இருந்தபடியே வளையத்தைக் கையால் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் யானைக்குப் போய்விடும்.

மேனுவலை விட்டால் வேறு வழியே இல்லை என்று நான் நினைக்கிற வேலை ஒன்று இருக்கிறது. நடுகல். தகடூர் நாடு, அதாவது எங்கள் தர்மபுரிப் பக்கம், நடுகற்களின் நாடு. தர்மபுரி அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள், வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் இன்னும் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரன், கையில் வில்லோ வாளோ, தலைக்கு மேலே பல்லவர் காலத்து வட்டெழுத்தில் சில வரிகள். எழுத்தின் வெட்டு ஆழமே இருக்காது. நேர் வெளிச்சத்தில் வெறும் கல்தான் தெரியும். ஒரு பக்கமிருந்து கல்லை உரசினாற்போல வெளிச்சம் விழுந்தால்தான் வெட்டுக்குள் நிழல் நின்று எழுத்து எழும்பும்.

ஒரு வரியில் இருக்கும் எல்லா எழுத்தும் ஒரே வெளிச்சத்தில் எழும்பாது. இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால்தான் இது கீறலா எழுத்தா என்று தெரியும். இந்த மூன்று படமும் மயிரிழை மாறாமல் பொருந்த வேண்டும். ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்க்கும். வெளிச்சம் மாறியதும் அதற்குப் பிடித்த இடமும் மாறும், ஒரு தடவை எழுத்தின் விளிம்பு, அடுத்த தடவை கல்லில் படர்ந்த பாசி. லென்ஸ் துளி நகர்ந்தாலும் உருவத்தின் அளவே துளி மாறும், அப்புறம் படங்கள் பொருந்தாது. அதனால் ட்ரைபாட், கல்லின் முகத்துக்கு இணையாகக் கேமரா, அபெர்ச்சர் 8, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கி ஒரு எழுத்தின் வளைவில் கையால் ஃபோகஸ். அதன் பிறகு லென்ஸைத் தொடுவதே இல்லை, டார்ச் பிடித்தவர் மட்டும் சுற்றி வருவார். முதல் தடவை ஒரு 'கோ' என் திரையில் அப்படி எழும்பி வந்தபோது, ஆயிரம் வருடத்துக்கு முன் அதைக் கொத்தியவர் உளியை எந்தப் பக்கமிருந்து வைத்தார் என்பதுகூடத் தெரிந்தது.

கிருஷ்ணகிரி மாந்தோப்பில் பூக்கும் காலத்தில் பூங்கொத்தில் உட்காரும் பூச்சியை மேக்ரோவில் எடுக்கிறவர்களுக்கும் இதுவே. பூச்சியின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி கிட்டே போனால், அபெர்ச்சர் 8இலும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ. தான். வளையத்தைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, கண் ஷார்ப்பாக வரும் நொடியில் அழுத்துங்கள்.

சந்தைக்கும் தெருவுக்கும் இன்னொரு பழைய வழி. 28 மி.மீ. லென்ஸ், அபெர்ச்சர் 8, வளையத்தை 3.3 மீட்டரில் நிறுத்துங்கள். சுமார் 1.6 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை ஃபோகஸில் இருக்கும். தக்காளிக் கூடையைத் தலையில் ஏற்றும் அம்மாவையும், பின்னால் பேரம் பேசுகிறவரையும், பஸ் மேலே மூட்டை ஏற்றுகிறவரையும் ஃபோகஸைப் பற்றி நினைக்காமலே எடுக்கலாம். எந்த ஆட்டோஃபோகஸும் இதைவிட வேகம் கிடையாது, இதில் பிடிக்க வேண்டியதே இல்லை என்பதால்.

ஆனால் இதற்கு வளையத்தில் தூரம் எழுதியிருக்க வேண்டும். இன்றைய மிரர்லெஸ் லென்ஸ் பலவற்றில் எண்களே கிடையாது. வளையமும் லென்ஸ் கண்ணாடியோடு நேராக இணைந்ததில்லை. நாம் திருப்பினால் அது மோட்டாருக்குச் செய்தி அனுப்புகிறது, மோட்டார் நகர்த்துகிறது. வேகமாகத் திருப்பினால் நிறைய, மெதுவாகத் திருப்பினால் கொஞ்சம் என்று வைத்திருப்பதால், அதே இடத்துக்குத் திரும்பி வர விரலுக்குப் பழக்கமாகாது. மேனுவல் கற்றுக்கொள்ள ஆசைப்படும் தம்பிமாரிடம் பழைய மேனுவல் லென்ஸ் ஒன்றை வாங்கச் சொல்வது இதனால்தான். பழைய நிகான் மவுண்டுக்கு லென்ஸுக்கும் சென்சாருக்கும் 46.5 மி.மீ. இடைவெளி வேண்டும். சோனி மிரர்லெஸ் பாடியில் அது 18 மி.மீ. தான். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு வெறும் வளையத்தை அடாப்டராகப் போட்டால் லென்ஸ் சரியாக வேலை செய்யும்.

இன்னொரு நல்லதும் நடந்திருக்கிறது. டிஎஸ்எல்ஆர் பறித்துக்கொண்டதை மிரர்லெஸ் திருப்பிக் கொடுத்துவிட்டது. வ்யூஃபைண்டருக்குள்ளேயே பெரிதாக்கிப் பார்க்கலாம், ஃபோகஸில் இருக்கும் விளிம்புகளுக்கு நிறம் பூசிக் காட்டும் பீக்கிங் வசதியும் உண்டு. பீக்கிங்கை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். 1.8 மாதிரி திறந்த அபெர்ச்சரில் மூக்குக்கும் கண்ணுக்கும் சேர்த்தே நிறம் பூசிவிடும். கடைசித் திருப்பத்துக்குப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

போன மாதம் அந்தத் தம்பி வத்தல்மலையில் நட்சத்திரம் எடுக்க வேண்டும் என்றான். கூடப் போனேன். இருட்டில் ஆட்டோ எதையும் பிடிக்காது. லென்ஸை மூலைவரை திருப்பினால் கண்ணுக்கெட்டாத தூரம் வந்துவிடும் என்று நினைத்து அவன் திருப்பி வைத்திருந்தான். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் அதையும் தாண்டிக் கொஞ்சம் போகும்படிதான் செய்யப்பட்டிருக்கின்றன, வெயிலில் விரிந்து குளிரில் சுருங்க இடம் விட்டு. பளிச்சென்ற ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும்வரை வளையத்தை மெல்லத் திருப்பச் சொன்னேன். சுருங்கியதும் ஒரு துண்டு டேப் எடுத்து வளையத்தை ஒட்டிவிட்டான். பதினோரு மணிக்கு எடுத்த படங்கள் அருமை. இரண்டு மணிக்குக் குளிர் நன்றாக இறங்கியிருந்தது. டேப்பைப் பிரித்து, அதே நட்சத்திரத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தோம். வளையம் ஒட்டிய இடத்திலேயே இருந்தது, நட்சத்திரம் சற்றே தடித்திருந்தது. தம்பி வளையத்தை ஒரு மயிரிழை திருப்பி, அது மறுபடி புள்ளியானதும் டேப்பை ஒட்டினான்.